ஐம்பத்து நான்கு நிமிடங்களில் ஒரு கவியரசர்



கடந்த ஆகஸ்டுத் திங்களில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நம் பள்ளி மண்டபத்தில் பழைய படம் ஒன்று காட்டப்பெற்றதை நீங்கள் அறிவீர்கள். சன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டினோம்; சுண்ணாம்படித்த சுவரையே திரையாகக் கொண்டோம். ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்கள் முன்வரிசையில் பாய் விரித்து அமர்ந்தனர். பெற்றோர் சிலரும், பால்வெட்டுத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற பாட்டிமார் தாத்தாமார் சிலரும் பின்னால் நாற்காலிகளில் அமர்ந்தனர். படம் ஓடத் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி கையை உயர்த்தி, "ஐயா, இந்தப் பையன்தான் அந்தத் தாத்தாவா? இவரை அந்தக் காலத்திலேயே படம் பிடித்து வைத்திருந்தார்களா?" என்று வினவினாள். மண்டபம் சிரித்தது. ஆனால் அது சிரிப்பதற்குரிய வினா அன்று. அன்று நேரம் போதாமையால் அவளுக்குச் சுருக்கமாகவே விடை கூறினேன். விரிவான விடையை இம்மலரில் எழுதுகிறேன்.

நாம் கண்டது வங்கக் கவிஞர் இரவீந்திரநாத் தாகூரைப் பற்றிய செய்திப்படம். இக்காலத்தில் இத்தகைய படங்களை ஆவணப்படம் என்கிறோம். கதைப்படத்தில் நடப்பவை கற்பனை. ஆவணப்படமோ உண்மையில் வாழ்ந்த மனிதரையும் நடந்த நிகழ்ச்சிகளையும் சொல்ல வருவது. தாகூர் பிறந்தது 1861-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள். மறைந்தது 1941-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள். அவர் பிறந்து நூறாண்டு நிறைந்ததையொட்டி, 1961-இல் இந்திய அரசின் திரைப்படப் பிரிவு இப்படத்தை வெளியிட்டது. 1948-இல் தொடங்கப்பெற்ற அந்தப் பிரிவு 2022-இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. எனினும் அது எடுத்த படங்கள் இன்றும் காணக் கிடைக்கின்றன. நாம் கண்ட படம் கறுப்பு வெள்ளைப் படம். ஐம்பத்து நான்கு நிமிடம் ஓடுவது. விளக்கவுரை ஆங்கிலத்தில் அமைந்தது. அதனால்தான் இடையிடையே நிறுத்தி நான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அதைப் பொறுமையோடு கேட்ட சிறுவர்களுக்கு நன்றி.

தாகூரைப் பற்றி மாணவர்கள் அறிய வேண்டியவை பல. அவர் கவிதை எழுதினார்; கதையும் நாடகமும் எழுதினார்; இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களை இயற்றி அவற்றுக்கு இசையும் அமைத்தார்; அறுபது வயதைக் கடந்தபின் ஓவியத்தில் இறங்கி, 1930-இல் பாரிசு நகரில் கண்காட்சியும் நடத்தினார். 1913-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றார். ஆசியாவிலிருந்து நோபல் பரிசு பெற்ற முதல் மனிதர் அவரே. இந்தியாவின் நாட்டுப்பண் அவர் இயற்றியது. வங்காளதேசத்தின் நாட்டுப்பண்ணும் அவர் இயற்றியதே. இரண்டு நாடுகள் தம் தேசிய கீதத்தை ஒரே கவிஞரின் ஏட்டிலிருந்து எடுத்துக்கொண்டிருப்பது வியக்கத்தக்கது. வங்காளதேசம் தனிநாடானது 1971-இல். ஆகவே 1961-இல் எடுத்த இப்படத்துக்கு அச்செய்தி தெரியாது. பழைய படத்தைப் பார்க்கும்போது அது எடுக்கப்பெற்ற ஆண்டையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் மாணவர்களுக்கு மிகவும் பிடித்த செய்தி வேறொன்று. இத்துணைப் பெரிய மனிதர் சிறுவயதில் பள்ளிக்கூடத்தை வெறுத்தவர். ஒரு பள்ளியிலும் நிலைத்து நின்று படிக்கவில்லை. வீட்டிலேயே பலரிடம் பாடம் கேட்டார். இதைச் சொன்னவுடன் ஐந்தாம் ஆண்டுப் பையன்கள் சிலரின் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியை நான் கவனிக்காமல் இல்லை. அவர்களுக்காக மீதியையும் சொல்லி வைக்கிறேன். பள்ளியை வெறுத்த அந்தச் சிறுவர் வளர்ந்தபின் 1901-இல் சாந்திநிகேதனத்தில் தாமே ஒரு பள்ளியைத் தொடங்கினார். தொடக்கத்தில் மாணவர் ஐவர், வகுப்பு மரத்தடியில். அப்பள்ளியே 1921-இல் விசுவபாரதி என்னும் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. நோபல் பரிசாக வந்த பணமும் அப்பள்ளிக்கே பயன்பட்டது.

இனிப் படத்துக்கு வருவோம். இதனை இயக்கியவர் சத்தியஜித் ராய். உலகப் புகழ்பெற்ற திரைப்பட இயக்குநர். அவர்தம் பாட்டனார் உபேந்திரகிசோரும் தந்தையார் சுகுமார் ராயும் சிறுவர்களுக்காக எழுதிய வங்க எழுத்தாளர்கள்; தாகூருக்கு நெருங்கிய குடும்பம் அது. ராய் சிறு பிள்ளையாக இருந்தபோது தாயாருடன் சாந்திநிகேதனம் சென்று, புதுக் குறிப்பேடு ஒன்றைக் கவியிடம் நீட்டினார். கவி அதனை வாங்கி வைத்துக்கொண்டு, மறுநாள் ஒரு சிறு கவிதை எழுதித் திருப்பிக் கொடுத்தார். பையன் பெரியவனானபின் இதன் பொருள் விளங்கும் என்று தாயாரிடம் கூறினாராம். பின்னர் 1940-இல் ராய் சாந்திநிகேதனத்து ஓவியக் கல்லூரியில் மாணவராகச் சேர்ந்தார். அவர் அங்குப் படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே கவி மறைந்தார். இருபது ஆண்டுகள் கழித்து, அவரைப் பற்றிய படத்தை எடுக்கும் பொறுப்பு அந்த மாணவரையே வந்தடைந்தது. படத்தில் ஒலிக்கும் ஆங்கிலக் குரல் ராயின் சொந்தக் குரல்தான்.

படத்தின் முதற்காட்சி பலரைத் திகைக்க வைத்தது. பிறப்பில் தொடங்காமல் இறப்பில் தொடங்குகிறது படம். கல்கத்தா நகரத் தெருக்களில் கடல்போல் மக்கள் கூட்டம். நடுவே கவியின் உடல் தோள்களின்மேல் செல்கிறது. அது நடிப்பன்று. 1941-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள் உண்மையாகவே படமாக்கப்பட்ட காட்சி. அதன் பிறகே படம் பின்னோக்கிச் சென்று, அவருடைய பாட்டனார், தந்தையார், ஜோராசாங்கோ என்னுமிடத்திலுள்ள அந்தப் பெரிய வீடு, பிள்ளைப்பருவம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருகிறது. இப்படி ஏன் தொடங்கினார் என்று ஒரு தந்தையார் கேட்டார். எனக்குத் தோன்றிய விடை இது. ஒருவர் எத்தகையவர் என்பதை அவருக்காகத் தெருவில் இறங்கிய கூட்டத்தைக் காட்டிவிட்டால் பாதி சொன்னதாகிவிடும். 'யார் இவர்?' என்ற வினா நம் உள்ளத்தில் தானே எழுகிறது. மீதிப் படம் அவ்வினாவுக்கு விடை சொல்லப் புறப்படுகிறது.

இப்பொழுது அம்மாணவியின் வினாவுக்கு வருகிறேன். ஆறாம் ஆண்டினர் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். பாரிசு நகரில் லூமியே சகோதரர்கள் பொதுமக்களிடம் கட்டணம் வாங்கி அசையும் படத்தை முதன்முதலாகக் காட்டியது 1895-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள். தாகூர் பிறந்தது 1861. அப்படியானால் அன்று அவருக்கு வயது என்ன? முப்பத்து நான்கு. ஆகவே சிறுவர் இரவீந்திரர் வீட்டு மாடத்தில் நின்று வெளியே பார்ப்பதாக ஒரு காட்சி வந்தால், அங்கே நிற்பவர் இரவீந்திரராக இருக்க இயலாது. அவர் ஒரு நடிகர். 1961-இல் வாழ்ந்த ஒரு வங்காளப் பையனுக்கு நூறாண்டுக்கு முந்திய உடையை உடுத்தி, பழைய வீட்டில் நிற்க வைத்து எடுத்திருக்கிறார்கள். கண்ணால் கண்டதை நம்பியது உன் பிழையன்று, மகளே. கண்டதைப் பற்றி வினவியது உன் அறிவுடைமை.

கூர்ந்து பார்த்தால் இப்படத்தில் பலவகைத் துணிகளை ஒன்றாகத் தைத்திருப்பது தெரியும். கவி முதியவரான பிறகு உண்மையாகவே எடுக்கப்பட்ட அசையும் காட்சிகள் உண்டு. அவற்றில் கோடுகள் விழுந்திருக்கும், புள்ளிகள் மின்னும், ஆட்கள் சிலவேளை இயல்பை மீறி விரைந்து நடப்பார்கள். பழைய கேமராக்கள் சிலவற்றைக் கையால் சுழற்றினார்கள். சுழற்றிய வேகமும் திரையில் ஓட்டும் வேகமும் ஒன்றாக இல்லாவிட்டால் நடை ஓட்டமாகிவிடும். அடுத்து, அசையாத நிழற்படங்கள். நிழற்படம் அசையாது, ஆனால் கேமரா அதன்மேல் மெல்ல நகரும். ஒரு முகத்தை நோக்கி நெருங்கும். கூட்டத்தில் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குச் செல்லும். அப்பொழுது படம் உயிர்பெற்றது போன்ற ஒரு மயக்கம் நமக்கு உண்டாகும். கையெழுத்து ஏடுகளும், பழைய அச்சுத்தாள்களும், கவி தீட்டிய ஓவியங்களும் இவ்வாறே காட்டப்படுகின்றன. மற்றொன்று நான் முன்னே சொன்ன நடிப்புக் காட்சி. அதில் கோடுகள் இரா. ஒளி நன்றாக அமைந்திருக்கும். கேமரா நிற்கவேண்டிய இடத்தில் நிற்கும். மிகவும் அழகாக அமைந்திருக்கும் காட்சியை நாம் சற்றுக் கூடுதலாகவே ஆராய வேண்டும்.

இதனால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். இதே 1961-ஆம் ஆண்டில்தான் பந்துலு அவர்களின் 'கப்பலோட்டிய தமிழன்' வெளிவந்தது. சிவாஜி கணேசன் வ. உ. சிதம்பரனாராகவும், எஸ். வி. சுப்பையா பாரதியாராகவும் நடித்தனர். எங்கள் தோட்டத்தில் அப்படத்தைக் கண்ட பெரியவர்கள் பலருக்குப் பாரதியார் என்றால் சுப்பையாவின் முகந்தான் நினைவுக்கு வரும். என் தந்தையாருக்கும் அப்படியே. பள்ளி நூலில் இருந்த பாரதியாரின் உண்மையான நிழற்படத்தை நான் காட்டியபோது, 'இது அவர் மாதிரியே இல்லையே' என்று சொன்னவர் அவர். நடிகர் அத்துணைச் சிறப்பாக நடித்திருந்தார். அது அவருக்குப் பெருமை. ஆயினும் உண்மை முகம் ஒன்று உண்டு என்பதை அறிந்துகொண்டு அந்நடிப்பைப் பார்ப்பது வேறு, அறியாமல் பார்ப்பது வேறு.

படத்தைப் பற்றி மற்றொரு செய்தி. கவிஞரைப் போற்றும் இப்படத்தில் அவருடைய கவிதைகளை ஓதும் காட்சி இல்லை. இசை உண்டு, கவிதை வாசிப்பு இல்லை. விளக்கவுரை ஆங்கிலம், கவிதையோ வங்கமொழி. கிடைத்த ஆங்கில மொழிபெயர்ப்புகளில் ராய்க்கு மனநிறைவு ஏற்படவில்லை. அவற்றைப் படித்துக் காட்டினால் கேட்பவர்கள் 'இவர்தானா மகாகவி!' என்று எண்ணிவிடுவார்களோ என்று தயங்கினார் போலும், விட்டுவிட்டார். தமிழாசிரியன் என்ற முறையில் முதலில் எனக்கு இது குறையாகவே பட்டது. பிள்ளையின் திருமணத்துக்குச் சென்று பிள்ளையைக் காணாமல் திரும்பியது போலிருந்தது. ஆனால் நம் தமிழ்ப் பாடல்களை மலாயிலோ ஆங்கிலத்திலோ பெயர்த்துச் சொல்ல வேண்டிவரும் மேடைகளில் நான் பட்ட பாட்டை நினைத்தபோது ராயின் தயக்கம் விளங்கியது. மொழிமாற்றம் செய்தவுடன் ஓசை போய்விடுகிறது. ஓசை போனபின் பொருள் மட்டும் தனியே நின்று கூசுகிறது.

இது அரசு பணித்து எடுக்கப்பெற்ற படம் என்பதையும் மறத்தலாகாது. நூற்றாண்டு விழாவுக்காக எடுத்தது. ஆகவே கவியைப் பற்றி அக்காலத்தில் எழுந்த சண்டை சச்சரவுகளுக்குள் ராய் புகவில்லை; தெரிந்தே விலக்கினார். மாலை சூட்ட வந்தவர் மாலையைத்தான் சூட்டுவார். அதற்காகப் படம் பொய் சொல்கிறது என்று கொள்ளற்க. 1919-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் அமிர்தசரசில் ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்தது. அதைக் கேள்வியுற்ற தாகூர், பிரித்தானிய அரசு 1915-இல் தமக்கு வழங்கிய 'சர்' பட்டத்தை வேண்டாமென்று அரசப் பிரதிநிதிக்கு மே மாத இறுதியில் கடிதம் எழுதினார். படத்தின் இப்பகுதி நேர்மையோடும் அழுத்தத்தோடும் அமைந்துள்ளது. பின்வரிசையில் அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்களும் அப்பொழுது அமைதியானார்கள். படத்தின் முடிவில், 1941-இல் எண்பதாம் பிறந்தநாளையொட்டிக் கவி விடுத்த செய்தி வருகிறது. உலகப் போர் மூண்டிருந்த நேரம். நாகரிகம் எனப்பட்டது கண்முன்னே நொறுங்குவதைக் கண்டும் மனிதன்மேல் வைத்த நம்பிக்கையைக் கைவிட மறுத்த முதியவரின் செய்தி அது.

இந்தக் கவி நம் ஈப்போவுக்கு வந்தவர் என்பதைப் படம் முடிந்தபின் நான் சொன்னபோது யாரும் நம்பவில்லை. 1927-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் நாள் சிங்கப்பூரில் வந்திறங்கினார். அங்கிருந்து மலாக்கா, கோலாலம்பூர், ஈப்போ, தைப்பிங், பினாங்கு என மலாயா நெடுகச் சுற்றுப்பயணம் செய்தார். ஈப்போவுக்கு வந்தது ஆகஸ்டுத் தொடக்கத்தில். அப்பொழுது அவருக்கு வயது அறுபத்தாறு. விசுவபாரதிக்குப் பொருள் திரட்டுவதும், தென்கிழக்காசியாவுக்கும் இந்தியாவுக்கும் இருந்த பண்டைய உறவை அறிவதும் பயண நோக்கங்கள். பின்னர்க் கடல் கடந்து சாவா, பாலித் தீவுகளுக்கும், முடிவில் சயாமுக்கும் சென்றார். அவருடன் வந்த மொழியறிஞர் சுநீதிகுமார் சட்டர்ஜி இப்பயணத்தை வங்கமொழியில் பெருநூலாக எழுதிவைத்தார். பயணம் முழுவதும் மாலை மரியாதை மட்டுமே கிடைத்தது என்று எண்ணிவிட வேண்டா. சீனத்துச் சாங்காய் நகருக்கு இந்தியப் படைவீரரைப் பிரித்தானியர் அனுப்பியதைக் கவி கண்டித்திருந்தார். அதற்காக இங்கிருந்த ஆங்கில ஏடொன்று அவரைத் தாக்கி எழுதிற்று.

இப்பயணத்தில் தமிழர் ஒருவரின் பங்கு பெரிது. யாழ்ப்பாணத்து ஆரியநாயகம் என்பவர் அக்காலத்தில் சாந்திநிகேதனத்தில் பணியாற்றி வந்தார். கவிக்கு முன்னதாகவே மலாயாவுக்கு வந்து ஏற்பாடுகளைக் கவனித்தவர் அவர். பிற்காலத்தில் காந்தியடிகளின் சேவாகிராமத்தில் ஆதாரக் கல்வித் திட்டத்தைத் தம் துணைவியார் ஆசாதேவியுடன் முன்னின்று நடத்தினார். ஆசிரியப் பெருமக்கள் அறிந்துகொள்ள வேண்டிய பெயர் இது. பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

கவி ஈப்போவில் பேசிய நாள்களில் பேராக்கின் பால்மரத் தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டிமார் விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, வாளியும் கத்தியுமாக நிரைக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்தவேண்டும் என்று 1912-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்திருந்தது. அதன்படி எழுந்த பள்ளிகள் பல லயத்தின் கோடியிலும், ஆயாக் கொட்டகையின் ஓரத்திலும் நடந்தன. சில இடங்களில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். சாந்திநிகேதனத்தில் மரத்தடியில் ஐந்து பிள்ளைகள் அமர்ந்திருப்பதைப் படம் பெருமையோடு சொல்கிறது. நம் மரத்தடியில் அமர்ந்திருந்தவர்களையும் யாரேனும் படம் பிடித்திருக்கலாமே என்று என் மனம் அங்கலாய்த்தது. ஈப்போவையாவது படத்தில் காணலாம் என்று இருமுறை போட்டுப் பார்த்தேன். என் கண்ணுக்கு அகப்படவில்லை. ஐம்பத்து நான்கு நிமிடத்துக்குள் எண்பது ஆண்டுகளை அடைக்கும்போது எத்தனையோ ஊர்கள் வெளியே நிற்க வேண்டியதுதான்.

ஆவணப்படம் எடுக்கும் கலை நம்மவருக்குப் புதிதன்று. ராய்க்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஏ. கே. செட்டியார் என்னும் தமிழர் காந்தியடிகளைப் பற்றி முழுநீள ஆவணப்படம் எடுத்தார். உலகம் பூராவும் அலைந்து, பற்பல நாட்டவர் பற்பல காலத்தில் எடுத்து வைத்திருந்த படச்சுருள்களைத் தேடித் திரட்டினார். ஏறத்தாழ ஐம்பதாயிரம் அடிச் சுருள் சேர்ந்தது. அதிலிருந்து பன்னீராயிரம் அடியைத் தேர்ந்து 1940-இல் சென்னையில் தமிழ் விளக்கவுரையுடன் வெளியிட்டார். அவர் ஒரு காட்சியும் இழக்க மனமில்லாமல் அலைந்ததற்குக் காரணம் உண்டு. அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும். தாகூர் தாமே இயக்கிய ஒரே படம் 'நடீர் பூஜா'; 1932-இல் கல்கத்தாவில் எடுக்கப்பெற்றது. பின்னாளில் ஸ்டூடியோவில் ஏற்பட்ட தீ அதன் சுருள்களை அழித்துவிட்டது.

நம் பாரதியாருக்கோ தீயில் இழப்பதற்குக்கூட ஒன்றும் இருக்கவில்லை. 1882-இல் பிறந்து 1921-இல் மறைந்த அப்பெருமகனாரின் அசையும் படம் ஓரடியும் இல்லை. நிழற்படங்களோ ஒரு கைவிரல்களுக்குள் அடங்குவன. அவற்றையும், அவர் வாழ்ந்த இடங்களையும், எழுதிய ஏடுகளையும் கொண்டுதான் அம்ஷன்குமார் 1999-இல் பாரதியாரைப் பற்றிய ஆவணப்படத்தை எடுத்தார். தாகூரைவிடப் பாரதியார் இருபத்தோராண்டு இளையவர். முப்பத்தொன்பது வயதுக்குள் மறைந்ததாலும், வறுமையாலும், அவர் முகத்தைப் படமாக்கி வைக்கவேண்டும் என்று பலருக்குத் தோன்றவில்லை. தாகூர் குடும்பம் செல்வக் குடும்பம். அவர் புகழ் உலகெங்கும் பரவியது. கேமரா செல்வத்தின் பின்னாலும் புகழின் பின்னாலும் போகும் பிராணி.

படம் முடிந்து தேநீர் வழங்கிக்கொண்டிருந்தபோது, முப்பத்தாறு ஆண்டு பால் வெட்டிய பாட்டி ஒருவர் என்னிடம் வந்தார். "சாரு, எங்க காலத்துல பெரட்டுக் களத்துல வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவாங்க. பெனராங்கான் வேன் வரும். எவ்வளவோ பேரைப் பார்த்தோம். எங்கள ஒருத்தரும் எடுக்கல" என்றார். குறையாகச் சொல்லவில்லை, தேநீரை ஆற்றிக்கொண்டே இயல்பாகச் சொன்னார். எனக்கு மட்டும் தேநீர் இறங்கவில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 1998-இல் தோட்டம் கைமாறிப் பள்ளி இடம் பெயர்ந்தபோது நான் இளம் ஆசிரியன். பழைய கட்டடத்தின் பின்னறையில் கறையான் ஏறிய வரவுப் பதிவேடுகளும், பள்ளிக் குறிப்பேடுகளும், சட்டம் உடைந்த நிழற்படங்களும் குவிந்து கிடந்தன. லாரிக்காரர் அவசரப்படுத்தினார். 'வேண்டியதை மட்டும் ஏற்றுங்கள்' என்று உத்தரவாயிற்று. நாற்காலி மேசைகளை ஏற்றினோம். ஏடுகளைப் பின்புறம் கொட்டிக் கொளுத்தினோம். கொளுத்தியவர்களுள் நானும் ஒருவன். 1930-களில் அப்பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளின் பெயர்கள் அவற்றில் இருந்தன. அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன் என்பது இன்றும் என் நெஞ்சில் நிற்கிறது.

அன்று பணியாளர் ஒருவர் தம் வீட்டுக்கு எடுத்துச் சென்று காத்த ஒரு பிஸ்கட் தகரப்பெட்டி இவ்வாண்டு பள்ளிக்குத் திரும்பி வந்துள்ளது. அதில் நாற்பத்தொரு நிழற்படங்கள் உள்ளன. பள்ளி விளையாட்டுப் போட்டி, தீமிதித் திருவிழா, கோவில் கட்டுமானம், லயத்து வாசலில் நிற்கும் குடும்பங்கள், பால் நிறுக்கும் கொட்டகை, மாட்டுவண்டியின்மேல் ஆறு பிள்ளைகள். ஒன்றின் பின்புறத்திலும் பெயர் இல்லை. ராயிடம் தாகூரின் நிழற்படங்கள் வந்தபோது இன்னார் இன்னார் என்று சொல்ல ஆட்கள் இருந்தனர். நம் படங்களில் உள்ளவர்களை அறிந்தோர் இப்பொழுது எழுபதையும் எண்பதையும் தாண்டிவிட்டனர். தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் பிள்ளைகள் வீட்டோடு போனவர்களும் உளர்.

ஆகவே ஆறாம் ஆண்டு மாணவர்கள் ஒரு வேலை தொடங்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை ஒன்பது மணி முதல் பதினொரு மணி வரை பள்ளி நூலகத்தில் படங்கள் மேசைமேல் விரித்து வைக்கப்பட்டிருக்கும். வருபவர் சொல்வதை மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள்: படத்தில் நிற்பவர் பெயர், யார் மகன் அல்லது மகள், எந்த லயம், ஏறத்தாழ எந்த ஆண்டு. ஒரே முகத்துக்கு இருவர் இரு பெயர் சொன்னால் இரண்டையும் எழுதி, சொன்னவர் பெயரையும் பக்கத்தில் குறிப்பார்கள். இதுவரை பதினேழு முகங்களுக்குப் பெயர் கிடைத்துள்ளது. மாட்டுவண்டியின்மேல் இடப்பக்கம் அமர்ந்திருக்கும் சிறுமி, அன்று தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த அந்தப் பாட்டிதான். அதைக் கண்டுபிடித்தவள், 'இந்தப் பையன்தான் அந்தத் தாத்தாவா' என்று படத்தின்போது கேட்ட அதே மாணவி.

வீட்டில் பழைய படம் வைத்திருப்போர் கொண்டு வரலாம். அங்கேயே நகல் எடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தந்துவிடுவோம். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்த்து எடுக்க முயல வேண்டா. சட்டத்தோடு கொண்டு வாருங்கள். படத்தின் பின்புறத்தில் பெயர் எழுதுவோர் மைப் பேனாவைத் தவிர்த்து, மெல்லிய பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். மை நாளடைவில் ஊறி முகத்தின் மேல் வந்துவிடும். நடக்க இயலாத பெரியவர்கள் தகவல் சொல்லியனுப்பினால், மாணவர் இருவரும் ஓர் ஆசிரியரும் பெட்டியோடு வீட்டுக்கே வருவார்கள்.